கோமாரிக் கரையில் சூரிய மின்சாரம்: தனித்தியங்கும் வீட்டுத் திட்டம் பற்றிய சில குறிப்புகள்

இலங்கைத் தீவின் கிழக்குக் கோடியில் அமைந்திருப்பது சங்கமன்கண்டி முனை. அம்பாறை மாவட்டத்தின் கரையோர நெடுஞ்சாலையில் அக்கரைப்பற்றையும் திருக்கோவிலையும் கடந்து பொத்துவில் நோக்கிச் செல்வோர், அம்முனைக்கு அண்மையில் கோமாரி என்னும் சிற்றூரைக் காண்பர். கடலும் களப்பும், அவற்றை அடுத்து வயலும், அப்பால் காடுமாக அமைந்த நிலம் அது. இந்நாட்டில் ஞாயிற்றின் முதற்கதிரைப் பெறும் கரைகளுள் அதுவும் ஒன்று.

இக்கதிரை மின்சாரமாக்கி, வெளியிலிருந்து வரும் கம்பியை நம்பாது ஒரு குடும்பம் வாழ இயலுமா? இயலுமாயின் அதற்கான திட்டத்தை எவ்வாறு வகுத்தல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் கோமாரி போன்றதொரு கரையோரக் கிராமத்தின் நிலையில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாட்டின் ஏறத்தாழ எல்லாக் கிராமங்களுக்கும் இன்று மின்கம்பி சென்றுவிட்டது. ஆகவே இவ்வாராய்ச்சி காலங்கடந்ததன்றோ எனச் சிலர் வினவலாம். கிராமத்துக்கு மின்சாரம் வந்தது என்பதும் கிராமத்தவர் அனைவருக்கும் வந்தது என்பதும் ஒன்றல்ல. வயலோரத்துக் காவற்பரண், கடற்கரை வாடி, பிரதான கம்பியிலிருந்து பல தூண் தூரம் விலகிய குடிசை, காணிக்கு உரிய பத்திரம் காட்ட முடியாதவரின் வீடு ஆகியன இன்றும் கம்பிக்கு வெளியே நிற்கக்கூடியவை. கம்பிக்குள் இருப்போரும் முற்றாகக் காப்புற்றவர் அல்லர். 2022 மார்ச் மாத இறுதியில் எரிபொருள் இன்மையால் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடைமுறையில் இருந்ததை நாம் மறந்துவிடவில்லை.

கடந்துவந்த அனுபவம்

சூரிய மின்சாரம் இலங்கைக் கிராமங்களுக்குப் புதியதன்று. மின்சாரம் எட்டாத வீடுகள் நெடுங்காலம் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கையே நம்பியிருந்தன. விளக்குச் சரிந்து தீக்காயம் அடைந்தோர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் சிறுவருமாவர். இக்கொடுமையைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதிற் சரியாத, கனத்த கண்ணாடியாலான பாதுகாப்பு விளக்கொன்றை உருவாக்கிப் பரப்பினார். அப்பணிக்காக 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். விளக்கின் வடிவத்தை மாற்றுவது ஒரு வழியாயின், மண்ணெண்ணெயையே அகற்றுவது மற்றொரு வழியாகும்.

இரண்டாவது வழி உலக வங்கியின் உதவியுடன் 1997இல் தொடங்கிய எரிசக்திச் சேவைத் திட்டத்தின் மூலமும், அதனைத் தொடர்ந்து 2002 முதல் 2011 வரை நடைபெற்ற கிராமியப் பொருளாதார மேம்பாட்டுக்கான புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டத்தின் மூலமும் விரிவடைந்தது. கம்பனிகள் சாதனங்களை விற்றன. சர்வோதய இயக்கத்தின் நிதிப் பிரிவாகிய சீட்ஸ் முதலான நிறுவனங்கள் கடன் வழங்கின. குடும்பங்கள் மாதந்தோறும் தவணை செலுத்தின. இவ்வகையில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளில் சூரியத் தகடுகள் ஏறின. வளர்ந்துவரும் நாடுகளுள் இது குறிப்பிடத்தக்க சாதனை என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

எனினும் அச்சாதனையின் மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். அக்காலத்துச் சாதனங்கள் பெரும்பாலும் 20 முதல் 60 வாற்று வலுவுடையன. 40 வாற்றுத் தகடு நாளொன்றுக்குத் தரக்கூடியது ஏறத்தாழ 100 வாற்றுமணியே; சில குழாய் விளக்குகளுக்கும் ஒரு சிறு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்கும் அது போதுமானதாயிற்று. விற்பனைக்கு இருந்த பொதியின் அளவே குடும்பத்தின் தேவையின் அளவாகவும் கொள்ளப்பட்டது. பற்றரி சில ஆண்டுகளில் நலிந்தது. அதை மாற்றும் செலவு தவணைக் கணக்கில் இடம்பெறவில்லை. பின்னர் மின்கம்பி ஊருக்கு ஊர் நீண்டபோது பல தகடுகள் கூரையிலேயே கைவிடப்பட்டன.

இவ்வனுபவம் ஒரு பாடத்தைத் தருகின்றது. சூரியத் திட்டம் தோல்வியுறுவது பெரும்பாலும் தகட்டினால் அன்று, திட்டமிடலினாலேயே. வீட்டவரின் தேவையிலிருந்து தொடங்காமல் விற்பவரின் பொருளிலிருந்து தொடங்கியதும், ஆண்டின் நல்ல நாளை அளவுகோலாகக் கொண்டதும் அத்திட்டமிடலின் இரு குறைகள் எனலாம். ஆகவே ஆண்டின் மிக இருண்ட வாரத்தை முதலில் நோக்கி, அதிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும் என்பதே நாம் இங்கு வலியுறுத்தும் கருத்து.

இருவகைத் திட்டங்கள்

மேலே செல்லுமுன் ஒரு மயக்கத்தைத் தீர்த்தல் அவசியம். 2016இல் அரசு தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தின் பின் நகரங்களிற் பரவிய கூரைத் தகடுகள் தேசிய மின்தொகுதியுடன் இணைந்தவை. அவை உண்டாக்கும் மின்சாரம் சபையின் கம்பிக்குச் செல்லும். வீட்டவர் பட்டியலில் கழிவோ கொடுப்பனவோ பெறுவர். கம்பியில் மின் அற்றுப்போனால் அவையும் தாமாகவே நின்றுவிடும். கம்பியைத் திருத்தும் தொழிலாளரின் உயிர்க்காப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டதனால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. நேரமோ முற்பகல் பதினொன்றரை. வெயில் எறித்துக்கொண்டிருக்கையிலும், பற்றரி இல்லாத கூரைத் தகடுகள் தத்தம் வீட்டுக்கு ஒரு விளக்கைத்தானும் ஏற்றவில்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறைந்தபோது, கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு அவற்றின் உரிமையாளர் கேட்கப்பட்டனர்.

எனவே தகடு இருப்பதும் தன்னிறைவு இருப்பதும் வேறு வேறானவை. நாம் இங்கு ஆராயும் தனித்தியங்கும் திட்டத்துக்குத் தகடு, மின்னேற்றக் கட்டுப்படுத்தி, பற்றரி, இன்வேர்ட்டர் என்னும் நான்கு உறுப்புகள் வேண்டும். தகடு ஒளியை நேரோட்டமாக மாற்றும். கட்டுப்படுத்தி அதனை அளவறிந்து பற்றரிக்கு ஊட்டும். பற்றரி இரவுக்காகச் சேமிக்கும். இன்வேர்ட்டர் நேரோட்டத்தை 230 வோல்ற்று ஆடலோட்டமாக மாற்றி வீட்டுக் கருவிகளுக்கு வழங்கும்.

ஒளி சில பொருள்களில் மின்னை எழுப்பும் என்பதை பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கெரல் 1839இல் அவதானித்தார். நடைமுறைக்கு உதவும் சிலிக்கன் கலத்தை 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் ஆக்கினர். அது தன்மீது விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 சதவீதத்தையே மின்னாக்கியது. இன்று சந்தையிலுள்ள தகடுகள் 20 சதவீதத்திற்கும் மேல் ஆக்குகின்றன.

தேவையின் கணக்கு

முதல் வேலை கடைக்குச் செல்வதன்று. தாளும் பேனையும் எடுத்து வீட்டின் ஒருநாட் பாவனையை எழுதுவதாகும். கருவியின் வலுவை வாற்றில் எடுத்து, அது இயங்கும் மணியாற் பெருக்கினால் வாற்றுமணி கிடைக்கும். ஆயிரம் வாற்றுமணி நமது மின்பட்டியலில் ஓர் அலகு. ஐவர் வாழும் சிறு வீடொன்றை உதாரணமாகக் கொள்வோம்.

எல்.ஈ.டி. விளக்கு 5 × 7 வாற்று × 5 மணி = 175
சிக்கன மின்விசிறி 2 × 30 வாற்று × 8 மணி = 480
தொலைக்காட்சி 40 வாற்று × 3 மணி = 120
கைத்தொலைபேசி மூன்றுக்கு மின்னேற்றம் = 45
கிணற்று நீர்ப்பம்பி 550 வாற்று × 20 நிமிடம் = ஏறத்தாழ 180
மொத்தம் = 1000 வாற்றுமணி

இப்பட்டியலில் இல்லாதவற்றையும் கவனித்தல் வேண்டும். 2000 வாற்று மின்கேத்தல் பத்து நிமிடத்தில் 330 வாற்றுமணியை, அதாவது இக்குடும்பத்தின் ஒருநாட் பங்கில் மூன்றிலொன்றை விழுங்கிவிடும். மின்அழுத்தியும் சோற்றுப்பானையும் அவ்வாறே. வெப்பத்தை உண்டாக்கும் கருவிகளைத் தனித்தியங்கும் திட்டத்திற் சேர்க்காது, சமையலை விறகுக்கோ வாயுவுக்கோ விடுதலே தக்கது.

குளிர்சாதனப் பெட்டி மீனவர் வீட்டில் ஆடம்பரமன்று. பிடித்த மீனைக் காக்கும் தொழிற்கருவி. ஆனால் சிறிய பெட்டியொன்றும் நாளொன்றுக்கு 800 வாற்றுமணி வரை கேட்கக்கூடும். அதைச் சேர்த்தால் திட்டம் முழுவதும் ஏறத்தாழ இருமடங்காகும். பகலில் மட்டும் அதை இயக்கி, உள்ளே நீர்ப்போத்தல்களை உறையவைத்து இரவில் அக்குளிரைக் கொண்டு காத்தல் ஒரு நல்ல உபாயம். பற்றரியிற் சேமிப்பதிலும் பனிக்கட்டியிற் சேமிப்பது மலிவானது.

மாரியின் ஒளி

அடுத்தது வரவின் கணக்கு. ஒரு நாளில் விழும் ஒளியை, உச்சி வெயில் எத்தனை மணி நேரம் எறித்ததற்குச் சமம் என்று கூறுவது வழக்கம். இதனை ‘முழுவெயில் மணி’ எனக் கொள்வோம். இலங்கையின் உலர்வலயச் சமநிலங்களில் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 5 முழுவெயில் மணியாகும். விற்பனையாளர் தரும் கணக்குகள் பெரும்பாலும் இச்சராசரியையே கொள்கின்றன. கோமாரியில் இது பெருந்தவறாகும்.

தீவின் மேற்குக்கரைக்கு மழை பெருக்கும் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்குக்கரையில் வறண்ட கச்சானாக வீசும். அக்காலத்தில் ஒளிக்குக் குறைவில்லை. வடகீழ்ப் பருவம் வாடையுடன் வரும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களே இங்கு மாரி. வயலுக்குப் பெரும்போகத்தைத் தரும் அதே மழை தகட்டுக்குப் பஞ்சத்தைத் தருகின்றது. ஆதலால் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ எழுதப்பட்ட திட்டத்தைக் கோமாரிக்கு அப்படியே பெயர்த்தல் கூடாது. மார்கழிக்கு 3.5 முழுவெயில் மணி எனக் கொள்வது பாதுகாப்பான கணிப்பு.

தகடு வெப்பத்தாலும் தூசியாலும், மின்சாரம் கம்பி, பற்றரி, இன்வேர்ட்டர் ஆகியவற்றிலும் இழப்புறும். மொத்தத்தில் பத்துக்கு மூன்று பங்கு இழப்பெனக் கொள்ளலாம். ஆகவே 1000 வாற்றுமணியைப் பயன்படுத்தத் தகட்டில் 1430 வாற்றுமணி உண்டாதல் வேண்டும். அதனை 3.5ஆல் வகுத்தால் 410 வாற்று. சந்தையில் எளிதிற் கிடைக்கும் 450 வாற்றுத் தகடு ஒன்று இதற்கு ஈடாகும். ஆண்டுச் சராசரியாகிய 5ஐக் கொண்டு வகுத்திருந்தால் 290 வாற்றே போதுமென விடை வந்திருக்கும். அவ்வீடு மார்கழியில் இருளில் ஆழ்ந்திருக்கும்.

தகட்டின் சாய்வும் இக்கருத்தினாலேயே தீர்மானிக்கப்படல் வேண்டும். கோமாரி வட அகலக்கோடு ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. ஏப்பிரல் 8 அளவிலும் செப்டெம்பர் 5 அளவிலும் நண்பகற் சூரியன் தலைக்கு நேரே நிற்கும். டிசம்பர் 22 அளவிலோ உச்சியிலிருந்து 30 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். ஆண்டு முழுவதற்குமான பொது விதி தகட்டைத் தெற்கு நோக்கி 7 பாகை சாய்க்கச் சொல்லும். நாம் 15 பாகை சாய்க்கச் சொல்வோம். ஆனி மாதத்தில் இதனாற் சிறிது இழப்பு நேரும். அது மிச்சத்திலிருந்து கழியும் இழப்பு. மார்கழியில் வரும் ஆதாயமோ பற்றாக்குறையைத் தீர்க்கும் ஆதாயம். அத்துடன் சாய்ந்த தகட்டை மழையே கழுவிவிடும்.

இயற்கை இங்கு ஒரு சலுகையும் தருகின்றது. விசிறி மிகுதியாக வேண்டப்படுவது கச்சான் வெக்கையில்; அப்போது ஒளியும் மிகுதி. மாரியில் விசிறியின் தேவை பாதியாகக் குறையினும் நாளொன்றுக்கு 240 வாற்றுமணி மிஞ்சும். ஊரவர் தம் பருவங்களைப் பற்றி அறிந்தவை திட்டக் கணக்கினுள் இடம்பெற வேண்டுவதற்கு இது ஒரு சான்று.

பற்றரியும் குளமும்

திட்டத்தின் இதயம் பற்றரியே. முதலில் நோயுறும் உறுப்பும் அதுவே. மாரியில் இரண்டு நாள் தொடர்ந்து மூடிக்கிடப்பது வழமை. ஆகவே இரு நாட் சேமிப்பு வேண்டும். இன்வேர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 2200 வாற்றுமணி.

ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் விரைவிற் குன்றும். எனவே 4400 வாற்றுமணி கொள்ளளவு தேவை. 12 வோல்ற்று, 200 அம்பியர்மணிப் பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ற்றில் 4800 வாற்றுமணி கிடைக்கும். வாகனப் பற்றரி இதற்கு உதவாது. அது இயந்திரத்தைக் கிளப்பும் ஒருகணப் பாய்ச்சலுக்காக ஆக்கப்பட்டது; நாள்தோறும் ஆழ வடிவதற்கன்று. இலித்தியம் இரும்புப் பொஸ்பேற்று வகையைப் பத்தில் ஒன்பது பங்கு வரை பயன்படுத்தலாம், 25.6 வோல்ற்று, 100 அம்பியர்மணிப் பற்றரி ஒன்று, அதாவது 2560 வாற்றுமணி, ஏறத்தாழப் போதுமானது.

எதனைத் தெரிவது? ஈய அமில வகை நன்கு பேணினும் மூன்று முதல் ஐந்து ஆண்டே உழைக்கும்; மற்றையது பத்தாண்டு தாண்டக்கூடும். பன்னிரண்டு ஆண்டுக்கு முன்னதை மூன்று முறை வாங்க நேரிடும். ஆகவே இலித்திய வகையின் விலை மும்மடங்குக்குக் குறைவாயின் முடிவில் அதுவே மலிவு. ஆனால் அதன் உள்ளிருக்கும் மின்னணுக் காப்புத் தொகுதி பழுதுற்றால் ஊரிலே திருத்துவார் அரியர். ஈய வகையை வோல்ற்றுமானி ஒன்றைக் கொண்டே மேற்பார்வை செய்யலாம். ஓய்விலுள்ள 12 வோல்ற்றுப் பற்றரி 12.7 காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் பாதி. அதற்குக் கீழ் இறங்குமுன் விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துதல் நன்று. நீர் மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரே ஊற்றப்படல் வேண்டும். கோமாரிக் கிணற்றின் உவர்நீர் அதற்கு நஞ்சு. மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிவருமாதலால் காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்புக்கும் படுக்கைக்கும் அப்பால் வைத்தல் வேண்டும். கைவிட்ட பற்றரியை வீட்டு முற்றத்தில் உடைத்து ஈயம் உருக்குதல் சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதையும் இங்கு குறிப்பிடல் கடன்.

பெரிய பற்றரி வாங்கினால் மாரியை வென்றுவிடலாம் என்று எண்ணுவோர் பலர். நெற்செய்கையை அறிந்த எம்மவர்க்கு இதன் பிழை எளிதிற் புலப்படும். அணையை உயர்த்தினால் மட்டும் குளம் நிரம்பாது. நீரேந்து பரப்பும் வேண்டும். 450 வாற்றுத் தகடு நல்ல வெயிலில், 5 முழுவெயில் மணியில், இழப்புப் போக 1575 வாற்றுமணி தரும். அன்றைய தேவை 1000 போக மீதி 575. இருநாள் மூட்டத்தில் வடிந்த பற்றரியை நிரப்ப இம்மீதிக்கு நான்கு நல்ல நாள்கள் வேண்டும். மாரியில் அத்தகைய நான்கு நாள்கள் தொடர்ந்து கிடைக்குமென நம்புவதற்கில்லை.

ஆகவே கையிற் சிறிது பணம் மிஞ்சினால் அதனை இரண்டாவது பற்றரியில் அன்றி இரண்டாவது தகட்டிற் செலவிடுவதே அறிவுடைமை. ஒன்றேகால் முழுவெயில் மணியே கிடைக்கும் மூட்டமான நாளில் ஒரு தகடு 400 வாற்றுமணி அளவே தரும். இரண்டாயின் 800 அளவு. விசிறியைக் குறைத்துக்கொண்ட வீட்டுக்கு அது அன்றைய தேவை முழுவதற்கும் போதும், பற்றரியைத் தொடவேண்டியதேயில்லை. தகட்டின் விலை கடந்த காலத்தோடு ஒப்பிடுகையில் மிக வீழ்ந்துவிட்டதால் இம்மாற்றம் இன்று இயல்வதாயிற்று. தொண்ணூறுகளின் குடும்பங்களுக்கு இவ்வாய்ப்பு இருக்கவில்லை.

கம்பி, கட்டுப்படுத்தி, இன்வேர்ட்டர்

24 வோல்ற்றுத் தொகுதியை நாம் விதந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் 10 மீற்றர் தூரத்துக்கு 120 வாற்றைக் கொண்டுசெல்வதாகக் கொள்வோம். 12 வோல்ற்றில் அது 10 அம்பியர். போய்வரும் 20 மீற்றர் கம்பியின் தடையால் 1.4 வோல்ற்று, அதாவது 12 சதவீதம், வழியிலே அழியும். 24 வோல்ற்றில் 5 அம்பியர். இழப்பு 3 சதவீதமே. வோல்ற்றளவு இரட்டித்தால் இழப்பின் வீதம் நான்கிலொன்றாகின்றது. பற்றரிக்கும் இன்வேர்ட்டருக்கும் இடையிலுள்ள கம்பி இயன்றவரை குட்டையாகவும் தடிப்பாகவும் இருத்தல் வேண்டும்.

450 வாற்றுத் தகட்டுக்கு 30 அம்பியர்க் கட்டுப்படுத்தியும், இரு தகடுகளுக்கு 50 அம்பியரும் தக்கன. பின்னர் இரண்டாவது தகடு வாங்கும் எண்ணமிருந்தால் தொடக்கத்திலேயே பெரியதை வாங்குதல் மேல். தகட்டின் உச்ச வலுவைத் தேடிப் பிடிக்கும் எம்.பி.பி.ரி. வகையே இங்கு பொருந்தும்.

இன்வேர்ட்டரின் அளவை நிர்ணயிப்பது நீர்ப்பம்பியே. மற்றைய கருவிகள் யாவும் ஒருங்கே இயங்கினும் 150 வாற்றைத் தாண்டா. 550 வாற்றுப் பம்பியோ தொடங்கும் கணத்தில் மூன்று முதல் ஐந்து மடங்கு இழுக்கும். ஆதலால் 1500 வாற்றுத் தொடர் வலுவும் 3000 வாற்றுக் கணநேர வலுவும் கொண்ட, தூய சைன் அலை இன்வேர்ட்டர் வேண்டப்படும். பம்பியை நண்பகலில் மட்டும் இயக்கித் தாங்கியை நிரப்புதல் பற்றரியின் சுமையைக் குறைக்கும். கையால் நீர் இறைக்கும் வீட்டுக்கு 500 வாற்று இன்வேர்ட்டரே போதும்.

பற்றரியின் நேர்முனைக்கு மிக அண்மையில் உருகி ஒன்று இருத்தல் இன்றியமையாதது. குறுஞ்சுற்று நேர்ந்தால் பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கக்கும். கிடுகுக் கூரையுள்ள வீட்டில் அதன் விளைவைக் கூற வேண்டியதில்லை. புவித்தொடுப்பையும் தேர்ந்த மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு செய்வித்தல் வேண்டும்.

கரையோரத்தின் இடர்கள்

கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும். சாதாரண ஆணியும் நட்டும் இரண்டு மாரி தாங்கா. அலுமினியச் சட்டமும் துருவேறா உருக்கு நட்டுகளும் பயன்படுத்தி, இணைப்புகளுக்கு வசிலீன் பூசிக் காத்தல் வேண்டும். தகடு சூடேற ஏற, 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 சதவீத வலு குறையும். ஆகவே கூரைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு சாண் அளவேனும் காற்று உலாவ இடம் விடல் வேண்டும். தென்னோலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் தகடு முழுவதன் பயன் பெரிதுங் குன்றும். மரத்தை வெட்டுவதற்கு முன் தகட்டின் இடத்தை மாற்றிப் பார்ப்பதே முறை.

1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையைத் தாக்கிய சூறாவளியை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். புயற் காற்றில் தகடு பாய்போலக் காற்றை ஏந்தும். கிடுகுக் கூரையிலும் உறுதியற்ற மரச்சட்டத்திலும் அதைப் பொருத்துதல் தகாது. கொங்கிறீற்றில் ஊன்றிய நாகம் பூசிய குழாய்த் தூண் தக்கது. 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளில் இலங்கையிலே மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கடற்கோளுக்கு எதிராகப் பற்றரியைக் காக்க எவராலும் இயலாது. ஆயின் மாரி வெள்ளத்துக்கு மேலே, தரையிலிருந்து மூன்றடி உயரத் தட்டில் அதை வைப்பது எவராலும் இயலும்.

தனிவீடும் ஊரும்

இதுவரை கூறியவை தொழில்நுட்பம் சார்ந்தவை. அவற்றைவிட முக்கியமான வினா ஒன்று எஞ்சியிருக்கின்றது. இச்சுமையைத் தாங்குவது யார்? கம்பிவழி மின்சாரம் பெறும் நகரத்தவர் மின்நிலையத்தின் பற்றியோ மின்மாற்றியின் பற்றியோ சிந்திப்பதில்லை, அச்சுமை சமூகத்துக்குரியது. தனித்தியங்கும் திட்டமோ உற்பத்தி, சேமிப்பு, பழுது ஆகிய மூன்றையும் ஒரு குடும்பத்தின், அதுவும் பெரும்பாலும் ஏழைக் குடும்பத்தின், தலையில் ஏற்றுகின்றது. தன்னிறைவு என்னும் சொல்லின் அழகில் மயங்கி இவ்வுண்மையை நாம் மறைத்தல் கூடாது. கம்பி நியாயமான செலவில் வீட்டை அடையக்கூடிய இடத்தில் அதைக் கோருவது குடிமக்களின் உரிமை. சூரியத் தகட்டைக் காட்டி அவ்வுரிமையை ஒத்திவைக்க எவருக்கும் இடங்கொடுத்தல் தகாது.

கம்பி எட்டாத இடத்தில், அல்லது எட்டும்வரை, சுமையைப் பகிர்வதற்கு வழிகள் உள. பற்றரிக்கென மாதந்தோறும் சிறு தொகை சேர்க்கும் ஒரு சங்கம். ஊர் இளைஞர் இருவருக்கு வோல்ற்றுமானியும் பயிற்சியும். பழைய பற்றரிகளை ஒருங்கே திரட்டி உரியவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு. மீனவர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் உள்ள கரையோரக் கிராமங்களில் இவற்றுக்குப் புது நிறுவனம் தேவையில்லை. திட்டத்தின் முதற் தவணையோடு பற்றரி மாற்றும் நிதியின் முதற் தவணையும் தொடங்குதல் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுச் செலவை முன்னரே எழுதிக் காட்டாத கடன் எதனையும் ஏற்காதிருப்பது நன்று.

தேவையை வீட்டவரே எழுதுதல், ஒளியை மார்கழியைக் கொண்டு அளத்தல், பற்றரியைப் பெருக்குமுன் தகட்டைப் பெருக்குதல், மாற்றுச் செலவை முதல்நாளே கணக்கிற் கொள்ளல் என்னும் நான்கும் கைக்கொள்ளப்படின், கோமாரியின் வயலோரத்து வீடும் கடலோரத்து வாடியும் இரவில் ஒளிபெறுவது இயலக்கூடியதே. கடைக்காரர் காட்டும் கச்சான் காலத்து வெயிலில் எல்லாத் திட்டமும் நன்றாகவே இயங்கும். மார்கழியில் மூன்றாம் நாளும் மழை விடாத இரவில், அந்த வீட்டுப் பிள்ளை படிப்பதற்கு ஒரு விளக்கு எரிகின்றதா என்பதைக் கொண்டே திட்டத்தின் தகுதியை நாம் மதிப்பிடல் வேண்டும்.